உட்கார ஒரு ஸ்டூல் கேட்டால் குற்றமா?



சென்ற செயற்குழுக் கூட்டத்தில் ஐந்தே வரியில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். நம் பகுதியில் தமிழர்கள் நடத்தும் ஜவுளிக் கடை, பாத்திரக் கடை, மளிகைக் கடை, ஓட்டல் ஆகியவற்றில் நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்கு, கூட்டம் இல்லாத வேளையில் உட்கார ஸ்டூல் போட்டுக் கொடுக்கும்படி நம் சங்கம் கேட்டுக்கொள்கிறது. இவ்வளவுதான் தீர்மானம். போனஸ் கேட்கவில்லை, கிராஜுவிட்டி கேட்கவில்லை. கேட்டது நாலு கால் உள்ள ஒரு ஸ்டூல். முக்கால் மணி நேரம் விவாதித்து, "அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒத்திவைத்துவிட்டார்கள்.

ஒத்திவைத்ததற்கு இரண்டு காரணம் சொன்னார்கள். "காலில் நரம்பு சுருட்டிக்கொள்வது பரம்பரை வியாதி, அதற்குக் கடைக்காரர் என்ன செய்வார்?" என்றது ஒன்று. "பொங்கல் விழாவுக்குப் பந்தல் போட்டுக் கொடுக்கிறவர்கள் மனம் நோகும்படி நாம் நடக்கலாமா?" என்றது மற்றொன்று. முதல் காரணத்தை உரக்கச் சொன்னார்கள், இரண்டாவதைத் தணிந்த குரலில் சொன்னார்கள். நான் இரண்டுக்கும் உரக்கவே பதில் சொல்கிறேன்.

எங்கள் சாலில் மூன்றாவது கோலியில் ஓர் அக்கா இருக்கிறார். பெயர் வேண்டாம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு மும்பைக்கு வந்தவர். ஒரு சேலைக் கடையில் 22 வருஷம் நின்றார். காலை பத்து மணிக்கு உள்ளே போனால் இரவு ஒன்பதுக்கு வெளியே வருவார். நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி. மாதம் 26 நாள். கணக்குப் போட்டுப் பாருங்கள், பண்டிகை லீவைக் கழித்தாலும் 65,000 மணி நேரத்துக்குக் குறையாது. அவ்வளவு நேரமும் மூன்றடி அகலக் கவுண்டருக்குப் பின்னால் ஒரே இடத்தில் நின்றார். சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் விடியற்காலை, குளிக்கும்போது கணுக்காலுக்கு மேலே புடைத்திருந்த குழாய் ஒன்று வெடித்தது. வலியே இல்லையாம். மோரியில் தண்ணீர் சிவப்பாகப் போவதைப் பார்த்துத்தான் அவருக்கே தெரிந்தது.

சத்தம் கேட்டு ஓடிய நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? அவரை நாற்காலியில் உட்காரவைத்து, காலைத் தொங்கவிட்டு, முழங்காலுக்குக் கீழே துண்டால் இறுக்கிக் கட்டினோம். இரத்தம் இன்னும் வேகமாக வந்தது. நல்ல வேளை, மாநகராட்சி ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருக்கும் பக்கத்துக் கோலிப் பெண் வந்து, "கட்டை அவுருங்க, அக்காவப் படுக்க வைங்க, காலத் தூக்குங்க!" என்று அதட்டினாள். படுக்கவைத்து, காலை உயர்த்தி, வெடித்த இடத்தில் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிஷம் அழுத்திப் பிடித்தாள். நின்றுவிட்டது. அதன்பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். இதைப் படிப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: படுக்கவை, காலை உயர்த்து, அழுத்து. மேலே இறுக்கிக் கட்டாதே.

கடை முதலாளி ஆள் அனுப்பி ஐந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டு, "ஓய்வெடுக்கட்டும்" என்று சொன்னார். மறு வாரமே அந்த இடத்தில் 19 வயதுப் பெண் ஒருத்தி நின்றாள்.

அன்றிலிருந்துதான் இந்த விஷயத்தைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ரயில்வே குமாஸ்தாவுக்கு உடற்கூறு எதற்கு என்று கேட்பீர்கள். டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் எல்லா விதியும் சின்ன எழுத்தில் இருப்பதைப் போல, இதுவும் யாரும் படிக்காத சின்ன எழுத்தாகவே இருக்கிறது. படித்தால் விளங்காத சங்கதி ஒன்றுமில்லை.

முதலில் பெயர். "நரம்பு சுருட்டல்" என்கிறோம். அது நரம்பே அல்ல. நரம்பு என்பது மூளையிலிருந்து சேதி கொண்டுபோகும் கம்பி. தோலுக்கடியில் நீலமாகப் புடைத்து நெளிவது இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். அதற்குச் சிரை என்று பெயர். பேர் தப்பானதால் வைத்தியமும் தப்பாகிறது. நரம்புத் தளர்ச்சி என்று டானிக் விற்கிறவனிடமும், எண்ணெய் போட்டு நீவி விடுகிறேன் என்பவனிடமும், லோக்கல் வண்டிக்குள் நோட்டீஸ் ஒட்டும் "ரகசிய" டாக்டரிடமும் போய் நம்மவர்கள் காசைக் கொட்டுகிறார்கள். கெட்ட இரத்தம் சேர்ந்துவிட்டது என்று அட்டை விடுகிறவர்களும் உண்டு. அது கெட்ட இரத்தமல்ல. பிராணவாயுவைச் சதைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகிற, நம்முடைய நல்ல இரத்தம்தான். ஊருக்குத் திரும்ப வண்டி கிடைக்காமல் பிளாட்பாரத்தில் தேங்கிக் கிடக்கிறது, அவ்வளவே.

வண்டி ஏன் கிடைக்கவில்லை? இதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை துடித்து இரத்தத்தைத் தமனிகள் வழியாக வெளியே தள்ளுகிறது. பாதம்வரை போவதற்கு அந்தத் தள்ளு போதும். திரும்பி வரும்போது அந்த வேகம் மிச்சமில்லை. நிற்கும் மனிதனின் கணுக்காலிலிருந்து இதயம்வரை ஏறத்தாழ நாலடி உயரம். அந்த நாலடி இரத்தத்தின் பாரம் முழுவதும் கணுக்கால் சிரையின்மேல் உட்காருகிறது. ஆஸ்பத்திரியில் பிரஷர் அளக்கும் கணக்கில் சொன்னால், அசையாமல் நிற்பவரின் கணுக்கால் சிரையில் ஏறத்தாழ 90 மில்லி மீட்டர் பாதரசம். அவரே நாலு எட்டு நடந்தால் 20, 30 என்று இறங்கிவிடும்.

நடந்தால் ஏன் இறங்குகிறது? இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கெண்டைக்கால் சதைக்குள் பெரிய சிரைகள் ஓடுகின்றன. நடக்கும்போது சதை இறுகி அந்தக் குழாய்களைப் பிழிகிறது, இரத்தம் மேலே ஏறுகிறது. சதை தளரும்போது ஏறிய இரத்தம் கீழே விழ வேண்டுமே, ஏன் விழவில்லை? குழாய்க்குள்ளே படிப்படியாக வால்வுகள் இருக்கின்றன. மேலே போக வழி விடும், கீழே வர விடாது. நம் ஊர்க் கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு பார்த்திருப்பீர்கள். அது பழுதானால் குழாயில் ஏறிய தண்ணீர் முழுவதும் கிணற்றுக்கே போய்விடும், மோட்டார் வெறுமனே கத்திக்கொண்டிருக்கும். அடிபம்பில் தோல் வாஷர் தேய்ந்தாலும் அதே கதிதான். தாராவியில் தோல் வேலை செய்த குடும்பங்களுக்கு வாஷரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

வால்வு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். மேல்கையில் துண்டை லேசாகக் கட்டுங்கள். முன்கையில் சிரைகள் புடைக்கும், நடுநடுவே சிறு முடிச்சுகள் தெரியும். ஒரு சிரையை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் அதைத் தோள் பக்கமாக ஒரு முடிச்சைத் தாண்டும்வரை நீவிவிட்டுக் கையை எடுங்கள். அந்தத் துண்டு காலியாகவே கிடக்கும், மேலிருந்து இரத்தம் இறங்காது. அழுத்திய விரலை எடுத்தால் கீழிருந்து சட்டென்று நிரம்பும். இத்தாலியில் படுவா நகரத்துப் பேராசிரியர் பேப்ரீசியஸ் இந்த வால்வுகளைப் பற்றி 1603இல் புத்தகம் போட்டார். ஆனால் அவை எதற்கு இருக்கின்றன என்பதைத் தப்பாகச் சொன்னார். அவரிடம் படித்த ஆங்கிலேயர் வில்லியம் ஹார்வி, இதே விரல் சோதனையைக் காட்டி, இரத்தம் சுற்றி வருகிறது, சிரையில் அது இதயத்தை நோக்கி மட்டுமே போகிறது என்று 1628இல் நிலைநாட்டினார். நாலு நூற்றாண்டு ஆகப்போகிறது. நம் செயற்குழுவுக்குச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

இப்போது கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் பெண்ணைப் பாருங்கள். அவள் நடக்கவில்லை, உட்காரவுமில்லை. கெண்டைக்கால் பம்பு ஓடவே இல்லை. நாலடி இரத்தமும் மணிக்கணக்கில் சிரையின் சுவரில் பாரமாக நிற்கிறது. உள்ளே சதைக்கு நடுவில் ஓடும் சிரைக்குச் சதையே சுவர். தோலுக்கடியில் ஓடும் சிரைக்குத் தோலையும் கொழுப்பையும் தவிர முட்டுக்கொடுக்க யாருமில்லை. அது மெல்ல விரிகிறது. குழாய் விரிந்தால் உள்ளேயிருக்கும் வால்வின் இரண்டு இதழும் ஒன்றையொன்று தொடாமல் போகும். ஒரு வால்வு ஒழுகினால் அதன் பாரம் கீழ் வால்வின்மேல் விழும், பிறகு அதுவும் ஒழுகும். கணுக்காலின் உள்பக்கத்திலிருந்து தொடையிடுக்குவரை போகும் சிரைதான் உடம்பிலேயே நீளமானது. அதிலும் அதன் கிளைகளிலும்தான் பெரும்பாலும் இது நடக்கிறது. முதலில் சாயங்காலம் கால் கனக்கும், வீங்கும், இரவில் குரக்களி பிடிக்கும். பிறகு குழாய் நெளிந்து புடைக்கும். வருஷங்கள் போனால் கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, அரித்து, தடித்து, ஒரு சின்னக் காயம் பட்டாலும் ஆறாத புண்ணாகும். அந்தப் புண்ணோடு ஓட்டலில் தோசைக்கல் முன்னால் நிற்கிறவர்களை நான் காட்ட முடியும். வேட்டியை இறக்கிக் கட்டி மறைத்துக்கொள்கிறார்கள். மாஸ்டருக்குப் புண் என்று தெரிந்தால் மறுநாள் வேலை இருக்காது.

சரி, பரம்பரை என்று சொன்னீர்களே. அது பொய்யல்ல. தாய் தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு அதிகம். வயது ஏற ஏற அதிகம். கர்ப்பகாலத்தில் உடம்பில் இரத்தம் கூடுகிறது, சுரப்புநீர்களால் சிரைச் சுவர் தளர்கிறது, வயிற்றின் பாரமும் சேர்கிறது, ஆகவே பிள்ளை பெற்ற பெண்களுக்கு அதிகம். உடல் பருத்தவர்களுக்கும் வருகிறது. எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பரம்பரையை மாற்ற முடியாது, வயதை நிறுத்த முடியாது என்றால், மாற்றக்கூடியதாக மிச்சம் இருப்பது வேலை செய்யும் விதம்தானே? டென்மார்க் நாட்டில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களை 12 வருஷம் தொடர்ந்து கவனித்து, 2005இல் கணக்கை வெளியிட்டார்கள். வேலை நேரத்தில் முக்கால் பங்குக்கு மேல் நின்றோ நடந்தோ கழிப்பவர்கள் இந்த நோய்க்காக ஆஸ்பத்திரியில் சேருவது மற்றவர்களைவிட ஒன்றே முக்கால் மடங்குக்குக் குறையவில்லை. வேலை செய்யும் வயதில் இதற்காக ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நின்ற வேலையின் கணக்கில் எழுதினார்கள். பரம்பரை எல்லா நாட்டிலும் பரம்பரைதான். நிற்கவைப்பது முதலாளி. அம்மாவுக்கு இந்த நோய் இருந்தது என்று ஒரு பெண் சொன்னால், அவளுக்கு முதல் ஸ்டூலைப் போட வேண்டும் என்றல்லவா அதற்கு அர்த்தம்?

"உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளர் என்ன நினைப்பார்? மரியாதைக் குறைவாக இருக்காதா?" என்று செயற்குழுவில் அண்ணாச்சி ஒருவர் கேட்டார். அவர் அதைக் கேட்கும்போது நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கடையிலும் அவர் கல்லாவில் உட்கார்ந்துதான் வாடிக்கையாளரிடம் பணம் வாங்குகிறார். அப்போது யாருக்கும் மரியாதை குறைவதாகக் காணோம். நானும் கவுண்டரில் உட்கார்ந்துதான் டிக்கெட் கொடுக்கிறேன். உட்கார்ந்து கொடுத்த டிக்கெட்டில் வண்டி ஓடாமல் இருந்ததில்லை. நிற்பதுதான் மரியாதை என்பது எஜமானன் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற காலத்துப் பழக்கம். அந்த ஊர்ப் பழக்கத்திலிருந்து தப்பித்தானே நம் பாட்டன்மார் திருநெல்வேலியிலிருந்து இங்கே வண்டி ஏறினார்கள்? அதை ஏன் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தீர்கள்?

கடிதம் எழுதினால் "நலம், நலமறிய ஆவல், நிற்க" என்று எழுதுவோம். எனக்குத் தெரிந்து கால் வலிக்காத ஒரே "நிற்க" அதுதான்.

சட்டம் எங்கே இருக்கிறது என்று ஒரு தோழர் கேட்டார். நல்ல கேள்வி. இங்கிலாந்தில் 1899இலேயே, கடையில் வேலை செய்யும் பெண்கள் மூன்று பேருக்கு ஓர் இருக்கை வீதம் போட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். நம் நாட்டில் 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, நின்று வேலை செய்தாக வேண்டிய எல்லாத் தொழிலாளர்களுக்கும் உட்கார ஏற்பாடு வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைத் தொழிற்சங்கங்கள் எதிர்க்கின்றன, நானும் எதிர்க்கிறேன். அதில்கூட நல வசதிகளின் பட்டியலில் நிற்பவர்களுக்கு உட்காரும் ஏற்பாடு இடம்பெற்றிருக்கிறது. கடைகளின் கதை வேறு. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் அப்போது பெண்கள் உட்கார முடியாது, கழிவறைக்கும் வழியில்லாமல் இருந்தது. தையல் தொழிலாளியான விஜி என்ற பெண்மணி, "பெண்கூட்டு" என்ற அமைப்பைக் கட்டி அந்தப் பெண்களைத் திரட்டினார். முதலில் கழிவறைக்குப் போராடினார்கள், பிறகு உட்காருவதற்கு. பல வருஷப் போராட்டத்துக்குப் பின் 2018இல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தி, உட்காரும் உரிமையை எழுதியது. தமிழ்நாடு 2021இல் தன் கடைகள் சட்டத்தில் 22-அ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. ரங்கநாதன் தெருக் கடைப் பிள்ளைகளின் பாட்டை 2010இல் "அங்காடித் தெரு" படத்தில் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தோமே, அந்தத் தெருவுக்கும் அந்தப் பிரிவு பொருந்தும். சட்டப் புத்தகத்துக்குள் இருக்கும் ஸ்டூலில் யாரும் உட்கார முடியாது என்பது வேறு விஷயம். சென்னைக்குப் போகிறவர்கள் கடைக்குள் ஸ்டூல் வந்திருக்கிறதா என்று ஒரு கண் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். இங்கே இன்ஸ்பெக்டர் வருவார் என்று காத்திருக்காமல், நம் தமிழ்க் கடைகளில் நாமே ஆரம்பிக்கலாம் என்பதுதான் என் தீர்மானம்.

ஸ்டூல் போட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நாள் முழுவதும் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாலும் பம்பு ஓடாது. தையல் மிஷினில் உட்காருகிறவர்களுக்கும், ஏன் என்னைப் போன்ற குமாஸ்தாக்களுக்கும் இது பொருந்தும். கொஞ்சம் நிற்க, கொஞ்சம் நடக்க, கொஞ்சம் உட்கார விட வேண்டும். நின்றே ஆக வேண்டியவர்கள் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், கெண்டைச் சதை இறுகும். இரவில் தலையணைமேல் காலை உயர்த்திப் படுங்கள். இறுக்கிப் பிடிக்கும் காலுறை நல்லதுதான், ஆனால் டாக்டர் பாதத்தில் நாடி பார்த்து அளவு சொன்ன பிறகே வாங்குங்கள். சர்க்கரை உள்ளவர்கள், பீடி பிடிப்பவர்கள் தமனி அடைப்பு இருப்பது தெரியாமல் போட்டால் காலுக்கே ஆபத்து. முற்றிய நோய்க்கு இன்று லேசர், ஊசிமருந்து, ஆபரேஷன் என்று பல வழி இருக்கிறது. ஒற்றைக் கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, வலித்தால் அது வேறு. உள்சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். மூச்சு வாங்கினால் உயிருக்கே ஆபத்து. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். யாரும் அந்தக் காலை நீவக் கூடாது.

ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரில் நம் அம்மா அடுப்படியில் பலகை போட்டு உட்கார்ந்து சமைத்தாள். இங்கே பத்தடிக் கோலியில் மேடை வைத்துவிட்டோம். கடையில் பதினோரு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவள், ராத்திரி மேடைமுன் நின்று நமக்குத் தோசை சுடுகிறாள். நாம் கட்டிலில் உட்கார்ந்து இந்தப் பத்திரிகையைப் படிக்கிறோம். கடைக்காரரிடம் ஸ்டூல் கேட்கப் போகிறவன் முதலில் எழுந்து வெங்காயம் நறுக்கட்டும்.

இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன், அந்தப் பந்தல் விஷயம். பந்தல் நன்றாகவே போடுகிறார்கள், நன்றி. அந்தப் பந்தலில் முன்வரிசை நாற்காலிகளில் யார் உட்காருகிறார்கள் என்று அடுத்த பொங்கலுக்குக் கவனியுங்கள். கடைப் பிள்ளைகள் அன்றும் பின்னால் நின்றுகொண்டுதான் இருப்பார்கள், கடையைச் சாத்திவிட்டு ஒன்பதரைக்கு வந்து. நன்கொடை ரசீதில் முதலாளியின் பெயர் இருக்கிறது. அந்தப் பணம் கவுண்டருக்குப் பின்னால் யார் கால்மேல் நின்று சேர்ந்தது என்று ரசீதில் போட இடமில்லை. சங்கத்தைத் தொடங்கியவர்கள் சந்தாவாக நாலணா, எட்டணா கொடுத்த கூலிக்காரர்கள். இனியும் அவர்கள் பிள்ளைகள் கொடுக்கும் சந்தாவில் சங்கம் நடக்கும். பந்தல் இல்லாமல் மொட்டை மாடியில் பொங்கல் வைத்தாலும் பொங்கத்தான் செய்யும்.

அக்காவுக்கு லேசர் சிகிச்சை முடிந்து, இப்போது வீட்டிலேயே மாலை கட்டுகிறார். தரையில் பாய் போட்டு, காலை நீட்டிக்கொண்டு. கடையில் அவர் இடத்தில் நிற்கும் 19 வயதுப் பெண்ணை அன்று பார்த்தேன். சாயங்காலம் செருப்பு வார் அழுத்துகிறது என்று சொன்னாள். காலையில் சரியாக இருக்கும் செருப்பு.

தீர்மானம் வரும் பொதுக்குழுவில் மறுபடி வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குமேல் நானும் இரண்டு தோழர்களும் சால் சாலாகக் கையெழுத்து வாங்க வருகிறோம். கடையில் நிற்கிற பெண்கள் வேலை போய்விடும் என்று பயந்தால் கையெழுத்துப் போட வேண்டாம், எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள், பெயரில்லாமல் எழுதிக்கொள்கிறோம். கடை வைத்திருக்கும் அண்ணாச்சிகளிடமும் வருவோம். உட்காரச் சொன்னால் உட்கார்ந்து பேசுவோம்.